நாய்க்குட்டி வருமுன்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டு பழமை வாய்ந்தது. மாடு பிடி சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில், அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்ற செய்தி அக்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

நாம் வந்து வாழும் கன்னட நாட்டிலும் இதற்கு இணையான ஒரு கல் உண்டு. கி.பி. 949-இல் தக்கோலத்தில் நடந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் உயிர் நீத்தான். அப்போரில் எதிர்ப்பக்கம் நின்று சிறப்புற்ற மணலேரன் என்னும் வீரன், பரிசாகப் பொன்னையோ ஊரையோ கேளாமல் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மடிந்தது. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் அதற்காக எடுத்த கல், இப்பொழுது பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

தக்கோலத்தில் பகைவராய் நின்ற இரு நாட்டாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர். நாய்க்குப் பெயரிட்டனர், அது மாண்டபோது அப்பெயரைக் கல்லில் வெட்டினர். வீட்டில் ஒரு நாயை வளர்ப்பதென்பது அத்தனை பொறுப்புடைய உறவு என்பதே அவ்விரு கற்களும் நமக்குச் சொல்லும் செய்தி.

இந்நகரில் குடியேறிய நம் இல்லங்களில், 'நாய்க்குட்டி வேண்டும்' என்று கேளாத பிள்ளைகள் அரியர். கேட்பது எளிது, வாங்கித் தருவதும் அத்துணைக் கடினமன்று. வாங்கிய பின் வரும் நாட்களே கடினமானவை. எனவே, முதன்முதலாக ஒரு குட்டியைக் கொணர எண்ணும் குடும்பத்தார் அதற்கு முன்பே ஆய்ந்து தீர்க்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறோம்.

முதலில் வீட்டாரின் உடன்பாடு

ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை வாழும். நான்காம் வகுப்பில் படிக்கும் மகன் இன்று கேட்கும் குட்டி, அவன் கல்லூரி முடித்து வேலை தேடும் காலத்திலும் நம் வாயிலில் படுத்திருக்கும். அவன் வேற்றூர் சென்றுவிட்டால் அதனைப் பேணுவோர் யார்? பெரும்பாலும் தாய்தான். ஆகவே முதற்கண் கேட்க வேண்டியது பிள்ளையின் விருப்பத்தை அன்று, தாயின் விருப்பத்தையே. வீட்டில் முதியோர் இருப்பின் அவர்கள் கருத்தையும் கேட்டல் வேண்டும். சமையலறைக்கும் பூசை அறைக்கும் நாய் வருதல் கூடாது என்று பாட்டி கருதினால் அதனை மதித்து, அவ்விரு வாயில்களிலும் முதல் நாளிலிருந்தே சிறு தடுப்புப் பலகை வைத்துக் குட்டியைப் பழக்கலாம். முதல் நாள் விட்டுவிட்டு மறுமாதம் தடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது.

அடுத்து, பகலில் வீட்டில் இருப்போர் யார் என்பது. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், இரண்டு மாதக் குட்டியைப் பூட்டி வைத்துச் செல்வது கொடுமை. அத்தகைய இல்லத்தார் இன்னும் சில ஆண்டு பொறுப்பதே தக்கது.

நம்மவருள் பலர் வாடகை வீட்டினர். வீட்டு உரிமையாளரிடம் முன்னரே கேட்டு, அவர் இசைவை ஒப்பந்தத் தாளில் எழுதிப் பெறுதல் நன்று. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒளித்துக் கொணர்ந்த குட்டி, ஆறு மாதத்தில் குரலெடுத்துக் குரைக்கும்போது வீட்டையோ நாயையோ இழக்க நேரிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் மற்றொன்றும் அறிந்திருத்தல் வேண்டும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே முற்றிலும் தடை செய்ய இயலாது என்பது இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் கருத்து. ஆயினும் உரிமை உண்டென்று அண்டை வீட்டாரோடு பூசலிடுவதினும், பொது வழியில் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துவதும், அது செய்த அசுத்தத்தை நாமே எடுத்து அகற்றுவதும் நல்ல அண்டை அயலார்க்கு அழகு.

இவ்வாரியத்தின் வரலாற்றில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறக்கப் பெரிதும் உழைத்தவர், மாநிலங்கள் அவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்படி 1962-இல் வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் அவரே.

எந்தக் குட்டி?

படத்தில் அழகாகத் தோன்றும் நாயெல்லாம் நம் வீட்டிற்குப் பொருந்தா. பனி நாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி போன்ற அடர்ந்த மயிருள்ள இனங்கள் சித்திரை வெயிலில் படும் துன்பம் பெரிது. பெங்களூர் உயர்ந்த இடம், குளிர்ந்த இடம் என்று எண்ணிவிடக் கூடாது. தகரக் கூரையும் மேல்மாடிச் சிற்றறையும் இங்கும் அனலாகக் காய்கின்றன. பக் என்னும் சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு விடுதலே முயற்சி. வெப்பத்தில் அது மேலும் திணறும்.

நம் நாட்டு இனங்கள் வெயிலைத் தாங்குவன. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் பேர் பெற்ற இனங்கள். கருநாடகத்திற்கு முதோள் வேட்டை நாய் உண்டு. இராசபாளையத்தையும் முதோளையும் இந்திய அஞ்சல் துறை 2005-இல் அஞ்சல் தலையில் பொறித்துச் சிறப்பித்தது. ஆனால் இவற்றுள் பல ஓடி வேட்டையாடப் பிறந்தவை. இரண்டு அறைகளும் ஒரு சிறு வராந்தாவும் கொண்ட வீட்டில் அவற்றை அடைத்தால் அவை அமைதியிழந்து நம் அமைதியையும் கெடுக்கும். தினமும் திறந்த வெளியில் ஓடவிட இயலுமாயின் மட்டுமே அவற்றை நாடலாம். வெண்ணிற இராசபாளையக் குட்டிகளுள் சிலவற்றுக்குச் செவிப்புலன் குறைந்திருக்கும். ஆகவே வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தல் வேண்டும்.

சிறு இல்லங்களுக்கு ஏற்றது எது என்று எம்மைக் கேட்டால், தெருவிலே பிறந்த நாட்டு நாய்க்குட்டி என்போம். அது இந்நகரின் வெயிலுக்கும் மழைக்கும் இசைந்த உடல் வாய்ந்தது, விலையும் இல்லை. ஆங்கில மாது கிரிஸ்டல் ரோஜர்ஸ் 1991-இல் இந்நகரில் நிறுவிய கியூப்பா என்னும் அமைப்பும், அது போன்ற பிற அமைப்புகளும் ஆதரவற்ற குட்டிகளைப் பேணி, தக்க இல்லங்களுக்கு அளித்து வருகின்றன. அவர்கள் நம் வீட்டைப் பற்றி வினாக்கள் பல கேட்பார்கள். அதனைக் குறையாகக் கொள்ளலாகாது. பெண் கொடுப்போர் விசாரிப்பது போன்ற விசாரணைதான் அது.

விலைக்கு வாங்குவோர் ஒரு விதியை நினைவிற் கொள்க. 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி, நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. இது வெறும் சடங்கன்று. தாய்ப்பால் மறவாத குட்டி நோய்க்கு எளிதில் இரையாகும். மேலும், உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கிறது. அப்பாடம் கற்காத குட்டி நம் பிள்ளைகளின் கையில் அதைக் கற்க முயலும்.

வாங்குமுன் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்போரிடம் வாங்காதீர்கள். குட்டியின் கண்கள் பீளையின்றித் தெளிந்திருத்தல் வேண்டும். மூக்கில் சளி கூடாது. உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு உண்டென்று கொள்ளலாம். ஒரு மூலையில் சோர்ந்து கிடக்கும் குட்டியைக் கண்டு இரங்கி எடுப்போர், முதலில் மருத்துவரிடம் காட்டிய பின்பே வீட்டிற்குக் கொண்டுவருதல் வேண்டும்.

ஊசியும் மருந்தும்

குட்டி வருமுன்பே மருத்துவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. இரவில் நோய் கண்டால் அப்போது தேடுவது கடினம். 1958-இல் தொடங்கப்பெற்ற ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இந்நகரத்தார் பலருக்குப் பயன்படும் இடமாகும். இல்லத்திற்கு அண்மையில் உள்ள மருத்துவமனையையும் அறிந்து, அது திறந்திருக்கும் நேரத்தைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

குட்டிகளைப் பெருவாரியாகக் கொல்பவை பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் இரு நோய்கள். இவற்றுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, பதினாறாம் வாரம் வரை போடப்பெறும். 'ஒரு முறை போட்டாயிற்றே, மீண்டும் ஏன்?' என்று கேட்போர் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் சில வாரம் தங்கியிருந்து, ஊசி மருந்து வேலை செய்யாதபடி தடுக்கிறது. அது எப்பொழுது குறையும் என்று கணிக்க இயலாமையால்தான் மீண்டும் மீண்டும் போடுகின்றனர். ஒன்றைத் தவறவிட்டால் முந்தையதும் வீணாகலாம்.

ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெரு நாய்கள் உலவும் மண்ணில் இறக்கிவிடுதல் கூடாது; கையில் தூக்கிச் சென்று வெளியுலகைக் காட்டலாம். பார்வோக் கிருமி மண்ணில் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். நாம் குடிபுகுந்த வீட்டில் முன்பிருந்தவர்களின் குட்டி ஒன்று வாந்தியும் பேதியுமாக இறந்தது என்று தெரிந்தால், தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுதல் வேண்டும். வெறும் பினாயில் போதாது.

வெறிநாய்க் கடி நோய்க்கான ஊசி மூன்று மாதம் நிறைந்தவுடன் போடப்பெறும். பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாது போடுதல் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்த்தலாகாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பலர் நம் நாட்டினர். நோய்க் குறிகள் தோன்றியபின் காக்க வழியில்லை என்றே சொல்லலாம். தோன்றுமுன் தடுப்பதோ முற்றிலும் நம் கையில் உள்ளது. பாஸ்டர் 1885-இல் கண்ட வழியைப் பின்பற்றி, நம் நீலகிரிக் குன்னூரில் 1907-இலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் முன்னோர் அஞ்சிய பழைய மருந்தின் உற்பத்தி 2004 இறுதியோடு இந்நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைய ஊசி தோளில் சில முறை மட்டுமே போடப்படுவது. ஆதலால் வலிக்கு அஞ்சி மறைக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து அறவே நீக்குதல் வேண்டும். 'குட்டி பிறாண்டிவிட்டது' என்று மகள் சொல்லும்போது முதலில் அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

கடிபட்டாலோ பிறாண்டப்பட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் முதற் கடமை. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் முதலியவற்றை அப்புதல் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். குட்டிதானே என்று அசட்டையாக இருத்தலாகாது. குட்டிக்கும் அந்நோய் வரும்.

தடுப்பூசிச் சான்றிதழோடு மாநகராட்சியின் நாய் உரிமமும் பெறுதல் வேண்டும். பெங்களூர்ப் பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. நம் தெரு எதனைச் சேர்ந்தது என்று அறிந்து அங்கே கேட்டுக்கொள்க.

வீட்டைச் சீர் செய்தல்

தவழும் குழந்தை உள்ள வீட்டில் எவ்வாறு இருப்போமோ அவ்வாறே இருத்தல் வேண்டும். மின்கம்பிகளை உயர்த்திக் கட்டுக. அந்துருண்டை, எலி மருந்து, கொசுவர்த்தி, மாத்திரை ஆகியவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பூசைக்காக வளர்க்கும் அரளிச் செடி நஞ்சுடையது, அதற்கு வேலியிடுக. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமானால் வலையடித்துவிடுக.

உணவில் நாம் அன்பால் செய்யும் தீங்கே மிகுதி. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பவை. ஆதலால் எஞ்சிய சாம்பார்ச் சோற்றை அதற்கு இடுதல் தகாது. திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைப் பாழாக்கும். பாயசத்தையும் கேசரியையும் பிள்ளைகள் அதற்கு ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் நஞ்சே. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். முன்பு உண்ட உணவையே முதல் வாரம் கொடுத்து, பின் சிறிது சிறிதாக மாற்றுதல் முறை. சோறு மட்டும் போதாது. வளரும் குட்டிக்கு முட்டையோ இறைச்சியோ போன்ற புரத உணவு வேண்டும். சைவ இல்லத்தார் இதனைக் குட்டி வருமுன்பே மருத்துவரோடு கலந்து முடிவு செய்துகொள்வது நலம்.

முதல் இரவில் குட்டி அழும். தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்த அழுகை அது, குறும்பன்று. தாயோடு கிடந்த பழந்துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு பெட்டியில் விரித்து, நம் படுக்கையின் அருகே வைத்தால் சில இரவுகளில் அடங்கும். உறங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடியவுடனும் உரிய இடத்திற்குத் தூக்கிச் சென்று விட்டால் அசுத்தம் செய்வது குறையும். செய்துவிட்டால் அடித்தலும், மூக்கை அதில் தேய்த்தலும் பயனற்ற கொடுமைகள். அதனால் அது கற்பது அச்சம் ஒன்றே.

மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை நாய் எதைக் கண்டு பழகுகிறதோ அதற்கு அஞ்சாது என்பர் அறிந்தோர். ஆதலின் குக்கர் ஒலி, ஆட்டோவின் இரைச்சல், குடை, தலைக்கவசம் அணிந்தவர், முதியோர், கைக்குழந்தை ஆகிய எல்லாவற்றையும் மெல்லப் பழக்குக. ஆயினும் தீபாவளி வெடிக்குப் பெரும்பாலான நாய்கள் நடுங்கும். அந்நாட்களில் கதவடைத்து உள்ளறையில் உடன் ஒருவர் இருத்தல் வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் செல்லும்போது

நம் போன்றோர்க்கே உரிய கேள்வி இது. சேலத்திற்கோ மதுரைக்கோ நெல்லைக்கோ ஆண்டில் இரண்டு மூன்று முறை செல்லாத குடும்பம் நம்மில் இல்லை. நாய் எங்கே இருக்கும்?

புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் பணி செய்யும் நாம் விழாக் காலங்களில் அடிக்கடி காண்பது ஒன்று. வண்டி புறப்படக் கால் மணி நேரம் இருக்கையில், நாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து நிற்கும். அவர்களிடம் இருப்பது தூங்கும் வகுப்புச் சீட்டு. அதில் நாயை ஏற்றுதற்கு விதி இடந்தராது. மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏ.சி. வகுப்புகளிலும் அவ்வாறே. முதல் வகுப்பு ஏ.சி.யிலோ முதல் வகுப்பிலோ கூபே அல்லது அறை முழுவதையும் தமக்கே பதிவு செய்தவர் மட்டுமே உடன் கொண்டு செல்லலாம். அதற்கும் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜ் கட்டணம் கட்டி, தடுப்பூசிச் சான்று காட்டுதல் வேண்டும். மற்றையோர் கார்டு இருக்கும் பிரேக் வேனிலுள்ள நாய்ப் பெட்டியில் ஏற்றலாம். எல்லா வண்டியிலும் முதல் வகுப்பு இல்லை. நாய்ப் பெட்டி ஒழிந்திருக்கும் என்பதும் உறுதியன்று. முன்னரே பார்சல் அலுவலகத்தில் கேட்டு அறிதல் வேண்டும். பதிவின்றி ஏற்றினால் கட்டணத்தைப் பன்மடங்காகச் செலுத்த நேரும்.

நாய்ப் பெட்டியில் இருட்டும் இரைச்சலும் மிகுதி. இளங்குட்டியை அதில் ஓரிரவு அடைப்பதினும், அது நன்கறிந்த அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ விட்டுச் செல்லுதல் மேல். 'நீங்கள் ஊருக்குப் போனால் உங்கள் நாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் போனால் எங்கள் நாயை நீங்கள்' என்று இரு குடும்பங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டால் எவ்வளவோ கவலை தீரும். நம் சங்கத்துக் குடும்பங்களுக்குள்ளேயே இவ்வேற்பாடு நிகழலாம்.

ஒரு மாத ஒத்திகை

இவ்வளவும் படித்தபின் ஐயம் எழுமாயின் ஓர் எளிய வழி கூறுவோம். குட்டி வருமுன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு மகன் எழுந்து அரைமணி நேரம் தெருவில் நடந்து வரட்டும், மாலையிலும் அவ்வாறே. நாளும் ஒரு கிண்ணத்தைக் கழுவி நீர் நிரப்பி வைப்பது மகளின் பங்கு. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து வாயில் வரை சென்று வருதல் தந்தையின் பங்கு. உணவுக்கும் ஊசிக்கும் ஆகும் தொகையை மாதச் சம்பளத்திலிருந்து தனியே எடுத்து ஒரு டப்பாவில் இடுங்கள். மழை நாளிலும் தேர்வு நாளிலும் விருந்தினர் வந்த நாளிலும் இது தவறாது நடந்தால் குட்டி வரலாம். பத்தாம் நாளே ஒத்திகை நின்றுவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. டப்பாவில் பணமாவது மிஞ்சும்.

வேண்டாம் என்று முடிவு செய்வதும் நாய்க்குச் செய்யும் நன்மையே. அலுத்தபின் ஏரிக்கரையிலோ நெடுஞ்சாலையிலோ இறக்கிவிட்டு வருவோர் உளர். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. தெரு நாய்கள் அதைத் தம் எல்லையில் சேர்ப்பதுமில்லை. விட்டுச் சென்ற இடத்திலேயே அது நாட்கணக்காகக் காத்து நிற்கும். பசித்துத் துன்புறும் வண்ணம் விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். முதல் முறைக்குத் தண்டம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. சட்டம் விதிக்கும் தொகை சிறிது என்பதற்காகச் செயலின் கொடுமை சிறிதாகிவிடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கஸ்தூர்பா சாலைக்கு அழைத்துச் சென்று ஆதகூர்க் கல்லைக் காட்டுங்கள். பன்றியோடு பொருத காளியின் கதையைச் சொல்லுங்கள். வீட்டிற்குத் திரும்பியபின், வரப்போகும் குட்டிக்குப் பெயர் என்ன என்று கேட்பதற்கு முன், அதற்குச் சோறிடுவோர் யார், நடத்திச் செல்வோர் யார், நோயுற்றால் இரவு விழித்திருப்போர் யார் என்று கேளுங்கள். மூன்று கேள்விகளுக்கும் வீட்டிலுள்ளோர் தம் பெயரைச் சொல்ல முன்வந்தால், குட்டிக்கும் ஒரு பெயர் தேடத் தொடங்கலாம்.